எங்க கடை வெள்ளைச் சட்டை

மார்த்தாண்டத்துலருந்து களியக்காவிளை வரைக்கும் ரோட்டோரத்துல கட்டியிருக்க கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ உத்துப் பாத்திருக்கீங்களா? பாதி ஆம்பிளைங்க ஒரே வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பாங்க. அது எங்க கடைச் சட்டை. சட்டைக்குள்ள இருக்கது என் தம்பி உடம்பு.

நானும் அவனும் சேந்து நடத்துன பிளக்ஸ் கடை. டிசைன் என் வேலை. பிரிண்ட் மெஷினும் ஸ்டிக்கர் வெட்டுற கட்டரும் அவன் பொறுப்பு. சாவு வீட்டுக்காரங்க கொண்டுவார போட்டோ எப்படி இருக்கும்னு நினைக்கீங்க? தோள்ல ஒரு துண்டு, சட்டையில்லாத வெத்து மேலு. இல்லன்னா கல்யாணக் கூட்டத்துல ஆருக்கோ பின்னால எட்டிப் பாக்க மூஞ்சி. "நல்ல சட்டை போட்டுத் தாங்க"ம்பாங்க. நெட்டுல கிடைக்க கோட்டு சூட்டெல்லாம் நம்ம ரப்பர் வெட்டுற பெரியவங்களுக்குப் பொருந்துமா? அதனால ஒருநாள் தம்பியக் கடைச் சுவர்ப்பக்கம் நிறுத்தி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையோட ஒரு படம் எடுத்தேன். எதையோ சொல்லிச் சிரிச்சிட்டு நின்னான். அவனேதான் கம்ப்யூட்டர்ல உக்காந்து கழுத்துக்கு மேல அழிச்சான். "ஒரிஜினல வையிலே"ன்னேன். "அந்தச் சவத்தத் தூக்கிக் களைண்ணே, நம்ம மண்டை ஆருக்கு வேணும்?"னு அதுமேலேயே சேவ் பண்ணிட்டான்.

புதுசா ஒரு தலை ஏறும்போதெல்லாம் என் பின்னால வந்து நிப்பான். "வாரும் ஓய், வந்து இரியும்"னு வரவேற்பு வேற. "ஏலே, இன்னும் எத்தன தடவலே சாவ?"ன்னு நான் ஏசுவேன். அதுக்கும் சிரிப்பான்.

போன மழைக்காலத்துல, ஒருநாள் காலைல குளிச்சிட்டு வந்தவன் நெஞ்சு வலிக்குன்னான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேக்க முடியல. எனக்கு இளையவன், எனக்கு முந்திப் போயிட்டான், பாவிப்பய. இன்னைக்கும் அவன நினைச்சா முதல்ல கோவம்தான் வருது, அழுகை அப்புறம்தான்.

அடக்கம் மறுநாள். பக்கத்துக் கடைக்காரரு, "பிளக்ஸ் நான் அடிச்சுத் தாரேன், நீங்க வீட்டுல இருங்க"ன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு, நான்தான் எரிஞ்சு விழுந்தேன். ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்த கடை, எந்தம்பிக்கு வேற எவனோ அடிக்கவா?

கடைல போய் உக்காந்து போன்ல படம் தேடுனேன். எல்லாத்துலயும் கூலிங் கிளாஸ். ஒண்ணுல வாய் நிறையப் பாயசம். கடைசில சித்தி மவ கல்யாணத்துல எடுத்த ஒண்ணு தெளிவாக் கிடைச்சுது, ஆனா சிரிப்பு இல்ல. அவன் அழிச்ச சிரிப்ப நான் எங்க போயித் தேட? அந்த மூஞ்சிய வெட்டி வெள்ளைச் சட்டைக்கு மேல வச்சேன். மத்தவங்களுக்குக் கழுத்தச் சுருக்கணும், நிறத்தக் கூட்டணும் குறைக்கணும், அரைமணிக்கூர் மல்லுக்கட்டணும். அன்னைக்கு ஒண்ணும் வேண்டிவரல. வச்ச உடனே சேந்துட்டுது. மேஜைல தலைய வச்சு அழுதேன்.

பிரிண்ட் போட்டா நெத்திலயும் கன்னத்துலயும் குறுக்க வெள்ளைக் கோடு. மெஷின ஓட்டாமப் போட்டதுல மை பீச்சுற ஹெட்டு காஞ்சு அடைச்சிருக்கு. தினமும் கடை தொறந்ததும் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாத்து ஹெட்டத் தொடைக்கது அவன்தான், நான் தொட்டதே இல்ல. வேற நாளா இருந்தா "சவம் பிடிச்ச மெஷினு"ன்னு ஏசியிருப்பேன். அன்னைக்கு அந்த வார்த்த வாயில வரல. "அழுத்தாதண்ணே, சின்னப்பிள்ளைக்கி மூக்கு தொடைக்கமாதிரி தொடைக்கணும்"னு அவன் சொல்லுவான். பஞ்ச சொல்யூஷன்ல முக்கி அப்படியே தொடைச்சேன். மறுபடியும் கோடு. "மக்கா, எங்கலே பிடிக்கணும், ஒருக்கா வந்து சொல்லீட்டுப் போலே"ன்னு மெஷின் முன்னால நின்னு கெஞ்சுனேன். தொடைச்சுத் தொடைச்சு, கடைசில கோடில்லாம வந்துது. கொண்டுபோய் எங்க ரோட்டுமுக்குல நானே கட்டுனேன்.

அடக்கமெல்லாம் முடிஞ்சு கொஞ்சநாள் கழிச்சுக் கடை தொறந்தேன். மண்டைக்காட்டுப் பக்கத்துலருந்து ஒரு அண்ணன் வந்தாரு. அப்பா தவறிட்டாராம். போன்ல இருந்த படத்துல பெரியவரு வெத்து மேலு. "ரோட்டுமுக்குல ஒரு தம்பி படம் போட்டிருக்கீங்கல்லா, அதே சட்டைய எங்க அப்பாக்கும் போட்டுத் தாங்க"ன்னாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டுது. "அது சட்டை இல்ல ஓய், எந்தம்பியாக்கும்!"னு கத்திட்டேன். அவருக்கு ஒண்ணும் மனசிலாவல. போன நீட்டுனபடி நிக்காரு, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. அவரும் அழுதுட்டு வந்தவருதானே. "இரிங்க அண்ணே"ன்னு ஸ்டூல எடுத்துப் போட்டேன்.

பைலத் தொறந்தா, சட்டைக்கு மேல தம்பி மூஞ்சி. அத எடுத்தாத்தான் பெரியவர வைக்க முடியும். பாத்துட்டே இருந்தேன். "நேரமாவுமா?"ன்னு கேட்டாரு அந்த அண்ணன். "இல்லண்ணே, இப்ப ஆயிரும்"னு சொல்லி, எடுத்தேன்.