இடுன் செய்த கல் தட்டு

என் தங்கை இடுன் நார்வேயின் திரொண்ட்ஹைம் நகரில் இயந்திரப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். நான் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன். எங்கள் ஊரின் சின்ன விமான நிலையத்தில் ஓடுபாதையைப் பெருக்கி, சோதித்து, ஏட்டில் எழுதுவது என் வேலை. பதினான்கு வருடத்தில் ஒரு பணிநாள்கூட ஏட்டைக் காலியாக விட்டதில்லை.

குளிர்காலத்தில் பனியில் வழுக்காமலிருக்கச் சாலையெல்லாம் பொடிக்கல் தூவுவார்கள். அது டயர் பள்ளங்களில் சிக்கி ஓடுபாதைக்கு வந்துவிடும். பட்டாணி அளவு கல்லே விமானத்தின் புரொப்பெல்லரைக் கொத்திவிடும். அதனால் வாசலில் வண்டியை நிறுத்தி, மைனஸ் பதினைந்து டிகிரியிலும் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டி எடுப்போம். என் விரல் வெடிப்புகளைப் பார்த்துத்தான் இடுன் தன் இறுதியாண்டுத் திட்டத்தை முடிவு செய்தாள்: வண்டி ஏறினால் தானே சுழலும் தூரிகை உருளைகள், கீழே கல் விழ ஒரு தட்டு.

அதை ஓடுபாதை வாசலில் பொருத்த மேலாளர் ஹல்வார்ட் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வாரம் ஓடுபாதையில் ஒரு கல்கூடக் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சோதிப்பவன் நான்.

"தங்கச்சிக்காகக் கண்ண மூடிக்காதப்பா," என்றார்.

"இவரா? வாஃபிள் அப்பத்துல இதய வடிவத் துண்டு அஞ்சும் இருக்கான்னு எண்ணிட்டுத்தான் வாயில வைப்பாரு," என்றாள் இடுன்.

ஆறு நாள் சுத்தம். ஏழாம் நாள் காலை ஓடுபாதையில் இறங்கி, நடந்து பார்த்துத் திரும்பினால், வண்டிக் கதவின் கீழே ஒரு கல். வேறு யாரும் பார்க்கவில்லை. பைக்குள் போட்டு, நேரம் குறித்து, ஹல்வார்ட் மேசையில் வைத்தேன்.

இடுனின் முகம் சுண்டிவிட்டது. பையை எடுத்துப் பார்த்து, "டயர் பக்கத்துலயா கெடந்துச்சு?" என்றாள்.

"இல்ல. நான் எறங்குற எடத்துல."

"அண்ணா, காலத் தூக்கு."

தூக்கினேன். பூட்ஸ் அடியில் இரண்டு கற்கள். நடுவே ஒரு காலிக் குழி.

ஹல்வார்ட் வாய்விட்டுச் சிரித்தார். "டயர்லேர்ந்து வரலயே. விட்டுடலாம்."

"விட வேணாம் ஹல்வார்ட். டயர் கல்லா, பூட்ஸ் கல்லான்னு விமானம் கேட்டுட்டா இருக்கும்? இன்னொரு வாரம் குடுங்க," என்றாள் இடுன்.

தட்டின் பக்கத்தில் பூட்ஸுக்கும் ஒரு தூரிகை பொருத்தினாள். அடுத்த வாரம் என் ஏட்டில் ஏழு பூஜ்யம். தட்டு நிரந்தரமாகிவிட்டது, தீயணைப்பு வண்டி வாசலுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார் ஹல்வார்ட்.

பூட்ஸ் தூரிகையின் மேல் ஒரு சின்னத் தகடு அடித்திருக்கிறாள்: 'அண்ணன் உபயம்.' கூட வேலை செய்பவர்கள் தினமும் அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் காலைத் தேய்க்கிறார்கள். நானும் தேய்க்கிறேன், காலுக்குப் பத்து முறை.