முத்திரைத்தாள் பொன்னுரங்கம்

ஊரப்பாக்கம் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பொன்னுரங்கம் ஒரே அதட்டலில் திரும்ப வாங்கிவிட்டாராம். பெருங்களத்தூர் டீக்கடையில் ஒரு வாரமாக இதே பேச்சு. அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "ஸ்டாம்ப் பேப்பர் கீதா?" முத்திரைத்தாள் எங்கே என்றதும் மண்டபத்துக்காரம்மா வாயடைத்துப் போனாராம்.

விசாரித்தால் கதை வேறு.

பொன்னுரங்கம் ஏரிப்பாசன நிலத்தை மனை மனையாக விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். பத்திர ஆபீஸ் பெஞ்சிலேயே வயசானதால், சட்டம் மொத்தமும் தமக்கு அத்துப்படி என்று நினைப்பு. முத்திரைத்தாளில் எழுதினால் ஒப்பந்தம். மற்றதெல்லாம் வடை மடிக்கிற காகிதம். ஆகவே வெறும் தாள் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். படிப்பது கௌரவக் குறைச்சல்.

மகள் ஷர்மிளாவுக்குத் தை மாசம் கல்யாணம். அந்த முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஊரப்பாக்கத்தில் கோகிலவாணியின் மண்டபத்தை, ரசீதில் கையெழுத்துப் போட்டுப் பிடித்தார். அப்புறம் உள்ளூர்ப் பங்காளி தாமோதரன் குறுக்கே வந்தார். "நம்ம ஏசி மண்டபம் இருக்கச்சொல்ல இன்னாத்துக்குண்ணா ஊரப்பாக்கம்?" அவருக்கும் போனிலேயே ஓர் அட்வான்ஸ் போனது. பொன்னுரங்கம் கோகிலவாணிக்குப் போன் போட்டார்.

"உங்க மண்டபம் வேணாம்மா, அட்வான்ஸை அனுப்பிடு."

"கேன்சல் பண்ணா அட்வான்ஸ் கிடையாதுன்னு ரசீதுல போட்டிருக்கே சார். கையெழுத்து உங்களுதுதானே?"

"முத்திரை இல்லாத பேப்பர்மா. கோர்ட்டுல நிக்காது."

"நல்லாவே நிக்கும் சார்." கோகிலவாணி போனை வைத்துவிட்டார்.

அதட்டல் இவ்வளவுதான். வாயடைத்தது யார், பணம் வந்ததா என்பதெல்லாம் டீக்கடைக்கு வரும் வழியில் மாறிப்போனது. அட்வான்ஸ் முழுவதையும் விழுங்குவது நியாயமா என்றாவது சண்டை போட்டிருக்கலாம்; அதற்கு ரசீதைப் படித்திருக்க வேண்டும்.

கூட்டாளி அன்புவும் அதையே சொன்னார். "நிக்கும் மச்சான்."

"நின்னா உனுக்கு நான் பிரியாணி வாங்கித் தர்றேன்டா, நிக்கலன்னா நீ வாங்கிக் குடு, பந்தயம்!"

அடுத்த வாரம் தாமோதரனே வீடு தேடி வந்தார். "தப்பா நெனச்சிக்காதண்ணா. உன் தேதிய ஒரு கம்பெனிக்காரருக்குக் குடுத்துட்டேன், மூணு நாளு சேத்து எடுத்துக்கினாரு. உன் அட்வான்ஸு போன்லயே திரும்பி வந்துடுச்சி பாரு."

"யோவ், பேசுனா பேச்சு இல்லையா?"

"இன்னாண்ணா நீயே இப்டி கேக்குற? ஸ்டாம்ப் பேப்பர் கீதா?"

ஒருவர் கேட்டு, மற்றவர் சம்மதித்து, கைமாறாகப் பணமும் போனால், வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் பேஜார், இங்கே அதற்கும் போனில் சாட்சி இருந்தது. "வுடாத மச்சான், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்றார் அன்பு.

"போனா, வெறும் பேச்சும் செல்லும்னு நானே ஒத்துக்கணுமேடா!"

மகளின் முகூர்த்தத்தைவிட மானம் பெரிது. ஆனால் அன்று மாலையே ஷர்மிளா கேட்டாள்: "அப்பா, பத்திரிகைல எந்த மண்டபம் போடறது?"

மறுநாள் காலை பொன்னுரங்கம் ஊரப்பாக்கத்தில் கோகிலவாணி முன்னால் நின்றார். வடை மடிக்கிற காகிதத்தைப் பட்டா மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"கையெழுத்து கீது பாரும்மா."

"முத்திரை இல்லையே சார்?"

பொன்னுரங்கம் கையெழுத்தின் மேலேயே விரலை வைத்துக் காட்டினார்.

"போன்ல வேணாம்னீங்களே?"

"அது சும்மா பேச்சும்மா."

"கேன்சல் பண்றதுன்னா எழுதிக் குடுக்கணும்னு கீழ போட்டிருக்கு. நீங்க குடுக்கல, நானும் யாருக்கும் விடல. போய்ப் பத்திரிகை அடிங்க."

படிக்காமல் கையெழுத்திட்ட வரி ஒன்றுதான் கல்யாணத்தைக் காப்பாற்றியது. ஆனால் ஊரில் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது: "கேக்கிற விதத்துல கேட்டேன், மண்டபத்தக் குடுத்துட்டா."

பந்தியில் அன்பு காதோரம் குனிந்தார். "பேப்பர் நின்னுச்சே மச்சான். என் பிரியாணி?"

"பந்தயத்துக்கு இன்னாடா பத்திரம் கீது?"

பந்தயம் போட்டு ஒப்புக்கொண்டதைச் சட்டம் வசூலித்துத் தராது. முத்திரைத்தாளில் எழுதியிருந்தாலும் தராது. பொன்னுரங்கம் சொன்னதில் இது ஒன்றுதான் சட்டத்தோடு ஒத்துப்போனது. அவருக்கு அது தெரியாது. அன்புவுக்குப் பிரியாணி இன்னும் வரவில்லை.