பூசை போட்ட லாரியில் ரிவர்ஸ் கியர்

அந்த ஃபியூஸை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கரண்ட் கூடினால் தான் உருகி வண்டியைக் காப்பாற்ற வேண்டியது அது. அதன்மேல் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார் அத்தான், என் அக்காவின் புருஷன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி முதலாளியிடம் லாரி டிரைவர். ஏற்றுவது முழுக்கத் தீப்பெட்டிப் பண்டல். "பீஸ் போய்க்கிட்டே இருந்துச்சு மாப்ள. கம்பியச் சுத்துனேன், இப்ப தொந்தரவே இல்ல" என்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னார். லாரிக்கு வயரிங் பார்த்துப் பிழைக்கிறவன் நான். என்னிடமே சொல்கிறார்!

மறுநாள் காலையிலேயே குடோனுக்கு ஓடினேன். தொண்ணூறுகளின் கடைசி அது; லாரியோ அதற்கும் ரொம்ப முந்தியது. லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. நல்ல நேரம் பிறக்க முதலாளி காத்திருந்தார். கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது ஃபியூஸ் போட்டேன். டெஸ்ட் லைட்டை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். நியூட்ரலில் ஒரு கோளாறும் இல்லை. ஃபியூஸ் எப்போது போகிறது என்று அத்தானைக் கேட்டேன். "பின்னால எடுக்கும்போதுதான்" என்றார். அப்படியானால் கியர்பாக்ஸ் மேலிருக்கும் ரிவர்ஸ் லைட் சுவிட்சு, இல்லையென்றால் அதிலிருந்து போகிற வயர். கிளட்ச் வேலைக்காகச் சமீபத்தில்தான் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியிருந்தார்கள். ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ரிவர்ஸா?" முதலாளி பாய்ந்து வந்தார். "ஏலே, பூசை போட்ட வண்டிலே இது! லோடு ஏத்துன வண்டி மொதல்ல முன்னாலதாம்லே போகணும்."

"வண்டி நவராது அண்ணாச்சி. எஞ்சினே ஓடாது. கியர மட்டும்தான் போடுதேன்."

"கியரு விழுந்தாலே பின்னால போன கணக்குதான். கைய வச்சே, நடக்கது வேற!"

இதற்காகவே வண்டியின் முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தி லோடு ஏற்றுவார்கள். போகிற வழியில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் எதிரே வண்டி வந்து ஒதுங்க வேண்டுமென்றால் ரிவர்ஸ் போடாமல் என்ன செய்வார்கள்? முதலாளி பேசியதைக்கூடப் பொறுத்தேன். அத்தான் அந்தக் கம்பியைக் கீழேயிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து, "அவிய சொல்லுதாவல்லா, விடு மாப்ள, நான் பாத்துக்கிடுதேன்" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் அக்கா நிறைமாதமாக இருந்தாள்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ரிவர்ஸை இழுத்துப் போட்டேன். பட்டென்று ஃபியூஸ் போனது. முதலாளி கத்தக் கத்த லாரிக்கு அடியில் புகுந்து, சுவிட்சிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே போனேன். கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டைக்கு அடியில் வயர் நசுங்கிச் செம்பு வெளியே தெரிந்தது. அங்கேயிருந்து சுவிட்சு வரைக்கும் உறை உருகியிருந்தது. மேலே லோடு தாங்கும் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. அந்தப் பலகைக்கு மேலேதான் பண்டல்கள். "குனிஞ்சு பாருங்க அத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பார்த்தார். முதலாளி குனியவே இல்லை. வேறு எலுமிச்சம்பழம் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

வயரை மாற்றிய பிறகுதான் வண்டியை விட்டேன். அந்த நடையில் வழியில் மழை பிடித்துப் பண்டல்கள் நனைந்துபோயின. நான் போட்ட ரிவர்ஸால்தானாம்! அக்காவுக்குப் பெண் பிறந்து, வளர்ந்து, இப்போது வேலைக்கும் போகிறாள். அவளிடமும் அத்தான் அந்த மழையைத்தான் சொல்லியிருக்கிறார், கருகிய பலகையைச் சொல்லவில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்கிறாள்: "பூசை போட்ட வண்டியில போய் ஏன் மாமா அப்படிச் செஞ்சீய?"