சத்தம் போட்டுச் சொல்ல முடியாத பரிசு

சேவலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் ஒலிபெருக்கிக் குழலைத் தூக்கிப் பிடித்தபடி, மீன் சந்தைக்குள் நுழையும்போதே நூரிஸ் தோரியா கத்தத் தொடங்கிவிடுகிறாள். "தொட்டுப் பாருங்க, தூக்கிப் பாருங்க! எடையில ஏமாத்து இல்ல, வயசுல ஏமாத்து இல்ல! வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இவன் யார் வீட்டுக் கூரையில கூவப் போறான்?" சேவலின் கழுத்தில் சிவப்பு ரிப்பன். ஒவ்வொரு மீன் கூடையைக் கடக்கும்போதும் அது கழுத்தை நீட்டிக் கொத்தப் பார்க்கிறது. மீன்காரிகள் வைகிறார்கள். வைகிறவளிடம் ஒரு சீட்டை விற்றுவிட்டுத்தான் நூரிஸ் அடுத்த கூடைக்கு நகர்வாள்.

சினூ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் லோரிக்காவில் குலுக்கல் சீட்டு விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டை, அதில் நூறு எண்கள், எண்ணுக்கு நேரே வாங்கியவர் பெயர். வெள்ளிக்கிழமை அரசு லாட்டரியின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, அந்த எண்காரருக்குப் பொருள் போகும். நூரிஸ் மற்றவர்களிலிருந்து வேறுபடுவது பொருளைக் காட்டும் விதத்தில். மின்விசிறி என்றால் சலூனில் செருகி ஓட்டிக் காட்டுவாள். குக்கர் என்றால் மூடியைத் திறந்து, "தலையை உள்ள விடு, ஓட்டை இருக்கான்னு பாரு" என்பாள். ஊரில் பாதிப் பேர் அதற்குள் தலையை விட்டிருக்கிறார்கள். ஒருமுறை பன்றி. அதை மோட்டார் சைக்கிள் டாக்சியின் நடுவில் உட்காரவைத்து, ஓட்டுநருக்கும் தனக்கும் இடையில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். பன்றிக்குத் தலைக்கவசம் எங்கே என்று போலீஸ்காரர் கேட்டார். அவரிடமும் ஒரு சீட்டு விற்றாள்.

உருவம் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. தலைமுடிக்கு பீட்ரூட் நிறத்தில் சாயம். "ஒலிபெருக்கி எனக்கு எதுக்கு? அது கையில இருந்தா ஜனங்க மரியாதை குடுக்குறாங்க, அவ்வளவுதான்" என்று பீற்றிக்கொள்வாள். உண்மைதான். அதில் பேட்டரி தீர்ந்த நாட்களில்கூட ஆற்றின் அக்கரையிலிருந்து ஆட்கள் எண் சொல்லியிருக்கிறார்கள்.

புத்தகமும் கையுமாக இருக்கும் எனக்கு அவளோடு ஓயாத சண்டை. உலகத்தில் நடக்கும் எல்லாமே அவளுக்கு எண். பேருந்து கவிழ்ந்தால் அடிபட்டவர்களைத் தூக்கிவிட்டு, அடுத்த மூச்சில் வண்டியின் எண்ணைப் பார்ப்பாள். சாவு வீட்டில் அழுது முடித்ததும், "எத்தனை வயசு ஆச்சு பாவம்?" என்று மெதுவாகக் கேட்பாள். அனுதாபத்தில் கேட்பதில்லை, சாயங்காலம் அந்த எண்ணில் லாட்டரி வைப்பதற்கு.

"நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேர் தோக்கறாங்க. நீ விக்கிறது தோல்வி, நூரிஸ்" என்பேன்.

"நான் ஒரு வாரத்துக்குக் கனவு விக்கிறேன். அதுக்கு மேல என்ன, உன் புத்தகத்துல குக்கர் இருக்கா?"

"செத்தவன் வயசுக்கும் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனா தினம் என் செலவுலதானே காப்பி குடிக்கிற."

கீழே பார்ப்பேன். காப்பி கையில் இருக்கும்.

ஆனால் ஒன்றில் அவள் கறார். பரிசு விழுந்தால் அவள் பொருளைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். தெருமுனையிலிருந்தே ஜெயித்தவரின் பெயரைச் சொல்லி முழங்கிக்கொண்டு வருவாள். பின்னால் தெருவே வரும். எங்கள் ஊர் வழக்கப்படி ஜெயித்தவர் வீட்டு அடுப்பு அன்றைக்குத் தெருவுக்கு வந்தாக வேண்டும்; பெரிய பாத்திரத்தில் கோழியும் கிழங்கும் வாழைக்காயும் போட்டு சங்கோச்சோ கொதிக்க வேண்டும். சேவலை ஜெயித்துவிட்டு இரண்டு கோழி அடித்துப் போட்டவர்கள் உண்டு. "நட்டமா? இருக்கட்டும். பரிசுன்னா ஊர் காதுல விழணும். விழலன்னா அது பரிசு இல்ல, திருட்டு" என்பாள். இது அவளுக்கு ஏதோ தத்துவமில்லை. தொழில் விதி, மீனைச் செதில் சீவி விற்பதுபோல.

இந்த விதியின் உண்மையான எடை உபால்தோ விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

உபால்தோ பித்தளை இசைக்குழுவில் பம்பர்தீனோ ஊதுகிறவன். குழந்தையை மடியில் போட்டுக்கொள்வதுபோல அணைத்து ஊத வேண்டிய பெரிய குழல் அது. எங்கள் நாட்டுப்புறக் கொண்டாட்டங்களில் அது அழுதால்தான் ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். அவன் மகளுக்கு நூரிஸ் ஞானத்தாய். அதனால் அவள் அவனை கொம்பாத்ரே என்பாள், அவன் அவளை கொமாத்ரே என்பான். ஒரு திங்கட்கிழமை அவன் அந்தக் குழலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். நான் அங்கே வழக்கம்போல காப்பியும் சண்டையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"கொமாத்ரே, இதைக் குலுக்கல்ல போட்டுக் குடு. வர்ற வெள்ளிக்கிழமைக்கே வேணும்."

"எதை, இதையா? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா. எனக்குப் பல்லு கட்டணும்."

"வாயைத் திற."

திறந்தான். கொய்யாக்காயை ஒரே கடியில் பிளக்கும் பற்கள் வரிசையாக நின்றன.

"பின்னால வலிக்குது" என்றான், சிரித்துக்கொண்டே.

நூரிஸ் அந்தப் பற்களை எண்ணுவதுபோலப் பார்த்தாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அவன் போனதும் என் பக்கம் திரும்பினாள். "சவப்பெட்டி தூக்குறவன் மாதிரி வரணும் இவன். மாப்பிள்ளை மாதிரி வர்றான் பாரு. நான் வாங்கலன்னா நேரா அடகுக்கடைக்குப் போயிருப்பான்." மாடு இறங்கிய லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும் குழுவில், மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றிக் குழலுக்குப் போர்த்துகிறவன் அவன். அவனுக்குச் சோறு போடுவதும் அந்தக் குழல்தான்.

மறுநாள் காலை நூரிஸ் சந்தைக்கு வந்தபோது கழுத்தில் பம்பர்தீனோ தொங்கியது. ஆனால் ஒரு சீட்டும் விற்கவில்லை. ஒலிபெருக்கியைத் தூக்கினாள்.

"உபால்தோவுக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கு! என்னன்னு என்னைக் கேக்காதீங்க! பாத்திரம், விறகு, கிழங்கோட அவன் வீட்டுக்கு வாங்க! கோழி அவன் பொறுப்பு!"

அவளுக்கு எதுவும் தெரியாது. மாமரத்தில் கல் எறிந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். சந்தை கலைந்து பாதி தெருவுக்கு வந்துவிட்டது. மீன்காரி எடில்மா வெட்டுக்கத்தியோடு வந்தாள். சலூன்காரன் வில்ஃப்ரான் பாதி மழித்த வாடிக்கையாளனோடு வந்தான். என் கையில் யாரோ ஒரு வள்ளிக்கிழங்கைத் திணித்துவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

கதவு திறந்தது. உபால்தோ கூட்டத்தைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான், வெளுத்துப் போனான்.

"யாரு சொன்னா?" என்றான்.

நூரிஸ் முழங்கையால் என்னை இடித்தாள். "பாத்தியா? எந்தப் பரிசுன்னு கேக்கல."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வெள்ளை வேன். சோப்புக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டியாம். தலைநகரிலிருந்து டாக்டர் ஒருவர் தினமும் போனில் பேசுகிறாராம். மருந்து கொடுக்கும் டாக்டரில்லை. எங்கள் நாட்டில் கழுத்துப்பட்டை கட்டியவனெல்லாம் டாக்டர், போனில் கட்டியிருக்கிறானா என்று யார் பார்த்தார்கள்? வேன் தயாராக நிற்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும்.

"நீ எந்தச் சீட்டு வாங்கின?" என்றாள் நூரிஸ்.

"வாங்கல. என் போன் நம்பரே சீட்டுதான்னார் டாக்டர்."

"வேனைப் பாத்தியா?"

"போட்டோ அனுப்பினார்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

உபால்தோ தரையைப் பார்த்தான். "சொல்லாதேன்னார். அக்கம்பக்கத்துல பொறாமை புடிச்சவங்க இருப்பாங்க, காரியத்தைக் கெடுப்பாங்கன்னார்."

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. உழைத்த கூலியை மூன்று மாதம் இழுத்தடிக்கிற உலகம், கேட்காமலேயே வேன் தரும் என்று ஒருவனை நம்பவைக்க வேண்டுமானால் அவனுக்கு மற்ற எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருக்க வேண்டும். அது அந்தத் திருடனுக்குத் தெரியும். பணத்தைத் திருடுவதற்கு முன்பே அவன் உபால்தோவின் தெருவைத் திருடிவிட்டான். விவரம் கேட்கக்கூடிய ஒவ்வொரு வாயையும் பொறாமைக்கார வாய் ஆக்கிவிட்டான்.

"பம்பர்தீனோவை வித்து வேன் வாங்கினா, அந்த வேன்ல எதை ஏத்திட்டுப் போவே? உன் வாயையா?" என்று கேட்டாள் எடில்மா.

கூட்டம் சிரித்தது. அது தப்பாகப் போயிற்று. உபால்தோவின் கழுத்து நரம்பு புடைத்தது. "பொறாமை! டாக்டர் சொன்னது சரியாப் போச்சு! எங்க குழுப் பசங்க பதினாலு பேரும் இனிமே மாட்டுச் சாணியில உக்காந்து போகக் கூடாதுன்னுதான் இதைச் செய்யறேன். குடு கொமாத்ரே, நான் அடகுக்கடைக்கே போறேன்." நூரிஸின் கழுத்தில் தொங்கிய குழலைப் பிடித்து இழுத்தான். வார் அவள் கழுத்தை அறுத்தது. அவள் விடவில்லை. அவனும் விடவில்லை.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

ஒரு கையால் குழலைப் பிடித்தபடியே மறு கையால் நூரிஸ் போனை உருவினாள். ஸ்பீக்கரில் போட்டாள். அக்குளில் இடுக்கியிருந்த ஒலிபெருக்கியின் வாயில் வைத்தாள். டாக்டரின் வெண்ணெய்க் குரல் தெரு முழுவதும் வழிந்தது.

"வணக்கம், திரு உபால்தோ. தனியா இருக்கீங்களா?"

"தனியா இல்ல டாக்டர்!" என்றாள் நூரிஸ். "குடும்பத்தோட இருக்கார். எல்லாரும் டாக்டருக்கு வணக்கம் சொல்லுங்க!"

"வணக்கம் டாக்டர்!" தெரு அதிர்ந்தது. நாய்களும் குரைத்தன.

டாக்டர் தொண்டையைச் செருமினார். பிறகு, "எத்தனை பேர் இருக்கீங்க?"

"இன்னும் வந்துட்டே இருக்காங்க டாக்டர். சங்கோச்சோ வைக்கிறோம், உங்களுக்குத் தொடையா நெஞ்சுக்கறியா?"

"அம்மா, இது ரகசிய நடைமுறை. கட்டணம் மட்டும் இன்னைக்கு—"

"கட்டணம்தானே? வேன்லயே கழிச்சுக்கோங்க. ஒரு சக்கரத்தைக் கழட்டி வித்துடுங்க டாக்டர். மூணு சக்கரத்தோட வந்தாப் போதும், நாங்க தள்ளிக்கிறோம்."

"அப்படியெல்லாம் செய்ய முடியாது!"

"அப்ப ஸ்டெப்னியை வித்துடுங்க."

"டாக்டர், எனக்கு முட்டி வலி. என்ன சாப்பிடலாம்?" என்று எடில்மா இடையில் புகுந்தாள்.

"வேன் நம்பராவது சொல்லுங்க" என்றான் வில்ஃப்ரான். திணறிப்போன டாக்டர் வாய்க்கு வந்த மூன்று இலக்கத்தைச் சொன்னார். பாதிக் கூட்டம் அதைக் குறித்துக்கொண்டது, சாயங்காலம் லாட்டரியில் வைக்க. நூரிஸும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தாள். பொய்யனின் பொய் வண்டியின் பொய் எண்! கையிலிருந்த வள்ளிக்கிழங்கால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"உங்களுக்குப் பரிசு வேணுமா, வேணாமா?" டாக்டரின் வெண்ணெய் உருகிவிட்டிருந்தது.

"பரிசு குடுக்கிறவன் கோவப்பட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் நூரிஸ். "நான் முப்பது வருஷமா குடுக்கறேன் டாக்டர். வாங்கறவன் அழுவான், குடுக்கறவன் ஆடுவான். நீங்க கொஞ்சம் ஆடிக் காட்டுங்க."

டாக்டர் அவளுடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ஒலிபெருக்கி அதை ஆற்றங்கரை வரை கொண்டுபோயிற்று. இணைப்பு அறுந்தது. தெரு கைதட்டியது.

உபால்தோவின் கை குழலிலிருந்து நழுவியது. போனை வாங்கித் தானே அந்த எண்ணை அழைத்தான். அணைக்கப்பட்டிருந்தது. இன்னொரு தடவை அழைத்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"போன வாரமே கொஞ்சம் அனுப்பிட்டேன். ரீசார்ஜ் கார்டு நம்பரா" என்றான், யாரையும் பார்க்காமல். அது போனது போனதுதான். புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் முதலில் சிரிப்பார்கள், பிறகு எழுதுவார்கள். பல நேரம் சிரிப்பதோடு சரி. திருடனுக்கு அந்தச் சிரிப்பு இலவசக் காவல். ஏமாந்தவன் வெளியே சொல்லாதவரை அவன் தொழில் நடக்கும்.

"என்ன வேன்காரரே, மான்தெரியா டவுனுக்கு எப்ப புறப்படுது?" என்று வில்ஃப்ரான் ஆரம்பித்தான்.

நூரிஸ் ஒலிபெருக்கியை அவன் காதுக்கே திருப்பினாள். "ஏண்டா, பத்து வருஷமா என்கிட்டச் சீட்டு வாங்குறியே, ஒரு முட்டை ஜெயிச்சிருக்கியா? அப்பவும் வர்ற வெள்ளிக்கிழமைக்கு எண்பத்தேழு எழுதி வெச்சிருக்க. அவன் ஒரு வாரம் நம்பினான். நீ பத்து வருஷமா நம்பற. யார் யாரைப் பாத்துச் சிரிக்கிறது? போய் விறகைப் பத்தவை!"

எனக்கு வாய் திறக்கத் துடித்தது. அவள் தொழிலைப் பற்றி நான் சொல்லிவந்ததையெல்லாம் அவளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டாள். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

கோழி இல்லை. எடில்மா தன் கூடையை அப்படியே பாத்திரத்தில் கவிழ்த்தாள். அன்றைக்கு மீன் சங்கோச்சோ. கிழங்கு வேகத் தொடங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் யாருக்கு என்னென்ன போன் வந்தது என்று. தனக்கு ஒரு தடவை கப்பலே விழுந்ததாகப் பாதி மழித்தவன் சொன்னான். அவன் கட்டணம் கட்டினானா என்று யாரும் கேட்கவில்லை. முகத்தின் மழித்த பக்கம் மட்டும் சிவந்தது.

உபால்தோ மட்டும் படியிலேயே இருந்தான், முழங்கால்களுக்கு நடுவில் தலையைத் தொங்கவிட்டு. நூரிஸ் கழுத்திலிருந்து பம்பர்தீனோவைக் கழற்றி அவன் மடியில் படுக்கவைத்தாள். அதன் ஊதுவாயை உருவி, தன் பாவாடை நுனியால் நன்றாகத் துடைத்து, மறுபடி பொருத்தி, அவன் உதட்டுப் பக்கம் திருப்பினாள். அவன் எதிரே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தன் காதுகளை இறுக்கி அடைத்துக்கொண்டு, ஊது என்று புருவத்தை உயர்த்தினாள்.