சந்தனம் அடைத்த மூக்கு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரம் இருந்த ஒரு நூல் வெளுக்கும் ஆலையில், கருவிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. சொந்த ஊர் சேலம் சூரமங்கலம். இங்கே அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். ஊர் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். எனக்குப் பேசத்தான் ஆள் இல்லை.

நூலை வெளுக்கக் குளோரின் வாயு சிலிண்டர்களில் வரும். கசிந்தால் நெஞ்சை அடைத்து ஆளையே முடித்துவிடும். அதனால் சிலிண்டர் அறைக்குள், முழங்கால் உயரத்தில், வாயுவை உணரும் ஒரு முனையைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். குளோரின் கனமானது, தரையோடுதான் தவழும். அந்த முனையை நான் மூக்கு என்றுதான் சொல்வேன். வெளிச்சுவரில் முள் ஓடும் பெட்டி, மேலே மணி. நல்ல காற்றில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி, முள் அந்த அளவுக்கு வருகிறதா என்று பார்த்துத் திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தவறாமல் செய்துவந்தேன். மற்றவர்களுக்கு அது வெறும் ‘கத்தற பெட்டி’. என்னையும் கத்தற பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையையே கழுவி, மோட்டார் முதல் சைக்கிள் வரை பொட்டு வைத்தார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன். பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம்! வைத்தவர் சிலிண்டர் அறை ஆபரேட்டர், என்னைவிட மூத்தவர்.

“அதுவும் நம்மாளுதானுங்க தம்பி. அத மட்டும் எப்பிடி உடறது?” என்றார்.

என்னையே சொன்ன மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விஜயதசமி, ஆலைக்கு விடுமுறை. எனக்குத்தான் பண்டிகை இல்லையே என்று என்னைக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள். தறிகளும் நின்றுபோய் ஊரே வாயடைத்துக் கிடந்தது. வானொலிப் பெட்டிகூட இல்லாமல், வாடிப்போன வாழைக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவது? கை சும்மா இருக்க முடியாமல் கருவியைச் சோதிக்கப் போனேன். அன்று அதைச் சோதிக்கும் நாளே இல்லை. பிளீச்சிங் கரைசல் இருந்த புட்டியைத் திறந்து மூக்கருகே காட்டிவிட்டு, வெளியே வந்து பெட்டியைப் பார்த்தேன். முள் அசையவில்லை.

மின்சாரம் இருந்தது, ஒயரிலும் குறையில்லை. குனிந்து டார்ச் அடித்தேன். மூக்கின் சல்லடை முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது, நடுவில் அழகாகக் குங்குமம். பெட்டிக்கு வைத்தவர் மூக்கை மறப்பாரா?

அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் வந்து சேர்ந்தார். மறுநாள் வேலைக்குப் புதுச் சிலிண்டரை மாட்டி வைக்க வேண்டுமாம். வருஷக்கணக்காக அந்த அறையிலேயே இருந்து அவருக்கு வாசனை உணர்வே மரத்துப்போயிருந்தது. கசிந்தால் மணி சொன்னால்தான் உண்டு.

“கொஞ்சம் பொறுங்கண்ணா, இதைத் துடைச்சிட்டு மாட்டலாம்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “நோம்பிக்கு வெச்ச பொட்டுங்க. ஒரு நாளுகூட ஆவல, அழிக்கறீங்களா? நாளைக்குத் தொடச்சுக்கலாமுங்க.”

காற்று போக வழியில்லை, கருவி இப்போது குருடு என்று எவ்வளவோ சொன்னேன்.

“எங்க சாமி சங்கதி உங்களுக்கு எங்கீங்க புரியப் போவுது?” என்றார்.

சுருக்கென்றது. முந்தின நாள் ‘நம்மாளு’ என்ற அதே வாய். அந்த ஆலையில் எனக்கென்று இருந்த ஒரே மனிதரையும் இழக்கிறேன் என்று தெரிந்தது. விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கை கேட்கவில்லை. சல்லடையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். மறுபடி புட்டியைக் காட்ட, முள் எழுந்தது, பூஜ்யத்தையும் சரிபார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்ச் சிலிண்டரை மாட்ட ஆரம்பித்தார். நான் வெளியே நின்றேன். அவ்வளவு தனியாக அதற்கு முன் நான் நின்றதில்லை.

திடீரென்று மணி அலறியது. முள் சரசரவென்று ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணா, மூடிட்டு வெளிய வாங்க!” என்று கத்தினேன். அவர் வால்வைத் திருகி மூடிவிட்டு இருமிக்கொண்டே ஓடி வந்தார். காற்று எதிர்த்து வீசும் பக்கமாக அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். இணைப்பில் போட்ட ஈய வாஷர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வெகுநேரம் இருமினார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. மூச்சு சீரானதும், “மணி அடிக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க தம்பி” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒருவருக்குப் பிடிக்காததைச் சொல்லி அவரை இழக்க வேண்டாம், தனியாகிவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும்: அன்று அந்தப் பொட்டை நான் விட்டு வைத்திருந்தால் எங்கள் சிநேகத்தில் ஒரு கீறலும் விழுந்திருக்காது, ஆனால் அவர் இருந்திருக்க மாட்டார்.