கூரையின் மறுபக்கம் இருந்தவர்

காலை பத்தேகாலுக்கு, புசல்லாவைத் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் என் மகன் வழுக்கினான்.

அங்கே கூரை வேலையில் இரண்டு பேருக்கு ஒரே கயிறுதான். அதை முகட்டின் மேலாகப் போட்டு, இரு சரிவிலும் நிற்பவர்களின் இடுப்பில் கட்டுவார்கள். ஒருவர் சறுக்கினால் மற்றவரின் பாரம் தாங்கும். மகனுக்கு மறுமுனையில் இருந்தவர் குட்டையான, கழுத்தே தெரியாத மனிதர். கயிற்றை இழுத்துப் பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் இழுப்பு வந்தபிறகே கால் வைப்பார்.

மகன் கூரை விளிம்பில் தொங்கினான். கீழே நின்றிருந்த நான் ஏணி தேடி மறுபக்கம் ஓடினேன். அங்கே கூரைச் சரிவில் அவர் கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கீழே நின்ற தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, எதிர்ப்பக்கம் மகன் தொங்குவதை அறியாமல், "சோம்பேறி, கீழே இறங்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எறங்க முடியாதுங்க, தொரை."

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆங்கிலம் தெரியும். ஆனால் பயத்தில் துரையிடம் சொல்ல வாய் வரவில்லை. துரை போய்விட்டார்.

யாரோ ஏணி கொண்டுவந்து மகனை இறக்கினார்கள். பிறகுதான் அவர் இறங்கினார். இடுப்பில் தோல் உரிந்திருந்தது.

"மாஸ்டர், மகனுக்கு வீட்டுல நல்லாத்தான் சோறு போடுறீங்க" என்றார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அதற்குள் கங்காணி, அவரை வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டோடு வந்தார்.

"தொரை சொல்லு கேக்காதவனுக்கு இங்க வேலை இல்ல. இன்னைக்கே லயத்து வீட்டைக் காலி பண்ணு."

நான் பதறிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கங்காணி கடைசிவரை கேட்டார்.

"இதை அங்கயே தொரைகிட்ட சொல்லியிருக்கலாமே, மாஸ்டர். பக்கத்துலதானே நின்னீங்க?"