முதல் பெண்சாதியிடம் கேட்ட கேள்வி

எனக்கு மலை பிடிக்காது. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். ஏற்காட்டைத் தெருமுனையிலிருந்து பார்ப்பதோடு என் மலை ஆசை தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கொல்லிமலைக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். கத்தோலிக்கச் சாமியார் வருவதற்கு முன்னால் போய் ஜெபம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர் போன பிறகு அவர் சொன்னதையெல்லாம் மறுபடி விளக்க வேண்டும். உபதேசியார் வேலை என்பது அவ்வளவுதான். கேட்பதற்கு லேசாக இருக்கும்.

சேந்தமங்கலம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து அடிவாரம், பிறகு ஏற்றம். காலையில் தொடங்கினால் உச்சிவெயிலுக்கு மேலேதான் முதல் குடிசை கண்ணில் படும். முழங்கால் கழன்று தனியாக வருகிற மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் அட்டைக்கடி, மற்ற காலத்தில் காய்ச்சல். கொய்னா மாத்திரை தின்று தின்று காதில் சதா ஒரு ரீங்காரம். மூன்று வருடம் அந்த ரீங்காரத்தோடுதான் வேதம் சொன்னேன்.

எங்களுக்கு முன்பே வேறு சபைக்காரர்கள் மலையில் மருந்து கொடுத்துக்கொண்டும் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டும் இருந்தார்கள். எங்களிடம் மருந்தும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அடிவாரத்து ஓட்டு வீட்டில் இருந்த எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் மாதம் ஒரு முறை மேலே வருவார். நல்ல மனிதர். தமிழை இலக்கணம் பிசகாமல் பேசுவார், அதனால் யாருக்கும் புரியாது. மலைக்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர் இறங்கிப் போனதும், "சாமி என்னங்க சொன்னாரு?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீடு. சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கிற ஒருவர், அவர் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். உள்ளதைச் சொன்னால் எனக்குக் கிடைத்தது அந்தப் பெண்மணிதான். அவர் புருஷன் பின்னால் வந்தவர். களி கிண்டிக்கொண்டே பரலோக மந்திரத்தைக் கேட்டு, மூன்றே நாளில் தடுமாறாமல் சொன்னவர் அந்த அம்மாள். நான் தூங்கி வழிந்துகொண்டே சொன்ன இடங்களில்கூட என்னை நிறுத்தி, "அதுக்கு மேல என்னங்க?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பாதி வேலை மிச்சம். அதற்காகவே அந்த அம்மாளின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

நால்வருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க நாள் பார்க்கச் சாமியார் மேலே வந்தார். வழக்கப்படி விசாரித்தார். இவள்தான் உன் மனைவியா? ஆமாங்க. இவளுக்கு முன் வேறு மனைவி உண்டா? அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "இருந்தாளுங்க சாமி. ஏழு வருசம் முன்னால அந்த நாட்டுல ஒருத்தரோட போய் இருந்துக்கிட்டா" என்று எதிரேயிருந்த மலைமுகட்டைக் காட்டினார். நாலைந்து ஊர் சேர்ந்தால் மலையில் அது ஒரு நாடு. இப்படிப் போவது அங்கே பெரிய குற்றமில்லை. புருஷனோடு மனம் ஒப்பாமல் ஒரு பெண் வேறொருவரோடு போய் இருந்தால், ஊரைக் கூட்டிக் கொஞ்சம் சத்தம் போடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்.

சாமியார் விடவில்லை. அவர் கொண்டுவந்திருந்த சட்டப் புத்தகத்தைத் திறந்தார். முதல் கல்யாணம்தான் கல்யாணம் என்று அதில் இருந்தது. அதை அவிழ்க்க ஒரே வழி, போனவளிடம் ஆள் அனுப்பி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்பது. நீ வேதத்தில் சேர்கிறாயா? சேராவிட்டாலும் உன் புருஷனோடு சமாதானமாக வாழச் சம்மதமா? இரண்டுக்கும் மாட்டேன் என்றால் இவர் விடுதலை ஆவார், ஞானஸ்நானம் பெற்று இந்த அம்மாளையே முறைப்படி கட்டிக்கொள்ளலாம். ஏழு வருடம் முன்னால் ஓடிப்போனவள் வேறென்ன சொல்லப்போகிறாள்? எங்கள் எல்லோருக்குமே அது வெறும் சம்பிரதாயம்தான். கேட்டுவிட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது.

புறப்படும்போது அந்த அம்மாள் வழிக்குக் களியும் கீரையும் கட்டிக்கொடுத்தார். கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, "அக்கா மாட்டேன்னுதானுங்க சொல்லுவாங்க?" என்றார்.

"வேறென்ன சொல்லுவாங்க. ரெண்டு நாள்ல வாரேன்" என்றேன்.

சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்தார்கள். இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறினோம். அன்று எனக்குக் காய்ச்சல் வேறு. அந்த முதல் பெண்சாதியின் குடிசையை அடைந்தபோது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அவர் இளைத்துப்போய் இருந்தார். கூட்டிவந்தவர் செத்து ஒரு வருடமாம். செத்தவருடைய அண்ணன் வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டு ஒண்டியிருந்தார். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட விஷயத்தை ஒரு பெண்ணிடம் வெறுங்கையோடு எப்படிக் கேட்பது என்று எனக்குக் கூச்சம். டவுன்காரப் புத்தி. மடியிலிருந்த வெற்றிலையும் பாக்கும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டுச் சாமியார் எழுதிக்கொடுத்த இரண்டு கேள்விகளையும் அப்படியே கேட்டேன்.

அவர் வெற்றிலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். "அவருதானுங்களா கேக்கச் சொன்னாரு?" என்றார்.

அவர்கள் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அது பொய் இல்லையே.

அவர் வெற்றிலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "எந்தச் சாமியக் கும்புடச் சொன்னாலும் கும்புடறேனுங்க. இருங்க, துணிய எடுத்துக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்களில் ஒருவர்தான் நிதானமாகச் சொன்னார். போன பெண்சாதியைத் திருப்பி அழைக்க மலையில் இதுதான் முறையாம். புருஷன் தன் ஊர்க்காரர் இருவரோடு ஆள் அனுப்பி, வெற்றிலை வைத்து, வந்து வாழ்கிறாயா என்று கேட்க வேண்டும். வெற்றிலையை எடுத்துவிட்டால் அவள் மறுபடி அந்த வீட்டுக்காரி. புருஷன் மாற்றிப் பேச முடியாது.

"தெரிஞ்சும் ஏனுங்க சும்மா இருந்தீங்க?" என்று கத்தினேன்.

"சாமி கூட்டியாரச் சொல்லித்தானே உங்கள அனுப்புனாரு? வேண்டாம்னா எதுக்குங்க இத்தன தூரம் போய்க் கேக்கறது?" என்றார் அவர். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒருவரிடம் வருகிறாயா என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்ற பதிலுக்காகக் காத்திருக்கிற ஜாதி நாங்கள்தான்.

திரும்பும் வழியெல்லாம் அந்த முதல் பெண்சாதி எங்களுக்கு முன்னால் நடந்தார். துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டிலும் நிற்காமல். நான் பின்னால் காய்ச்சலோடு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். நேராகக் கீழே போய், அவள் மாட்டேன் என்றாள் என்று சாமியாரிடம் சொல்லிவிடலாம். இவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். சாட்சிகளைச் சரிக்கட்டலாம். ஆனால் அதற்கெல்லாம் மறுபடி இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும், மறுபடி பேச வேண்டும். நான் சாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று அவர் பிறகு பலரிடம் என்னைப் புகழ்ந்தார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

சாமியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். புத்தகம் சொன்னது இதுதான். முதல் மனைவி சம்மதித்துவிட்டாள், இனி அவள்தான் மனைவி. இரண்டாமவள் வீட்டை விட்டுப் போனால்தான் இவருக்கு ஞானஸ்நானம்.

மலை முறைப்படி இரண்டு பேருமே இருக்கலாம். அந்த அம்மாளும் அதைத்தான் சொன்னார்: "அக்காளும் இருக்கட்டுங்க, நானும் ஒரு பக்கம் இருந்துக்கறேன்." வேதத்தில் அதற்கு இடமில்லை என்று நான் சொன்னேன். அவர் புருஷன் எழுந்து, "அப்ப எனக்கு உங்க வேதமே வேண்டாமுங்க" என்று துண்டை உதறினார். அந்த நிமிடம் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. உபதேசியார் இப்படிச் சொல்லக்கூடாது, ஆனாலும் நிம்மதிதான்.

அந்த அம்மாள்தான் ஒப்பவில்லை. காய்ச்சலில் செத்துப்போன மூத்த பிள்ளையை ஜெபம் தெரியாமல் புதைத்தது அவருக்கு ஆறாத புண். இந்த இரண்டுக்காவது ஞானஸ்நானம் நடந்தே ஆக வேண்டும் என்றார். அப்பன் சேராமல் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சட்டம் தெரியாது. கீழே போய்க் கேட்டு வந்திருக்கலாம். கஷ்டம்தான் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை, புருஷனைச் சம்மதிக்கவைத்துவிட்டு, அந்த அம்மாள் தன் அண்ணன் ஊருக்குப் புறப்பட்டார். மலையின் மறுபுறம், ஒன்றரை நாள் நடை. பிள்ளைகள் அப்பன் வீட்டுக்குத்தான் சொந்தம் என்பது ஊர் வழக்கம். அதனால் தனியாகத்தான் போனார். பிள்ளைகளில் பெரியதை அழைத்து நெற்றியில் சிலுவை போடச் சொல்லிப் பார்த்தார். அது இடது கையால் போட்டது. கையை மாற்றி ஒரு தடவை போடவைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எனக்கு எப்பங்க ஞானஸ்நானம்?"

தனியாக இருப்பதால் இப்போது அவருக்குத் தடை ஏதுமில்லை. அதைச் சொன்னேன். முதலில் ஜெபங்களை முழுதும் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். இருந்த ஜெபங்களில் பாதிக்கு மேல் அவருக்குத் தெரியும்.

"அங்க யாருங்க சொல்லிக் குடுப்பா? நீங்க வருவீங்களா?"

"வாரேம்மா. அடுத்த மாசம் வாரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. புருஷன், பிள்ளைகள் இரண்டு, கொஞ்ச நாளில் அந்த முதல் பெண்சாதி. பாவம், அவரிடமும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு குடும்பங்கள் வந்தன. பிறகு ஒரு கூரைக் கோயில் கட்டினோம். சாமியாருக்குச் சந்தோஷம்.

அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் காய்ச்சல். பிறகு கோயில் கட்டுகிற வேலை. ஒன்றரை நாள் நடை என்று நினைத்ததுமே முழங்கால் வலிக்கும். இன்னும் ஒன்றரை வருடம் நான் அந்த மலையில் இருந்தேன். கடைசி மாதத்தில், மறுபுறத்திலிருந்து பலாப்பழம் சுமந்துவந்த ஒருவர் என் உடுப்பைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானா அந்த உபதேசியார் என்று விசாரித்தார். அவர் ஊரில் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். கேட்டால், எனக்குச் சொல்லிக்கொடுக்க உபதேசியார் வருவார் என்பாராம்.

"வருவீங்களா சாமி?" என்று அவர் கேட்டார். வாரேன் என்று அவரிடமும் சொன்னேன்.